சட்டாம்பிள்ளையும் ஏணிப்படியும்

எங்கள் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. களத்தில் நெல் அளக்கும்போது மா, காணி, முந்திரி என்று வாய்க்குள்ளேயே கூட்டிக் கழித்து, அளக்கிறவர் சொல்வதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுவார். "எங்கே தாத்தா படிச்சே?" என்று கேட்டால் "திண்ணையில" என்பார். "யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டால் வாத்தியார் பெயர் வராது. "சட்டாம்பிள்ளைதான்" என்பார். ஏதோ தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் சொன்னது தமாஷ் இல்லை என்பது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று. அந்த முப்பது வருடமும் நானே வாத்தியாராக இருந்தேன், அதன் பிற்பகுதியில் தலைமையாசிரியராக. செய்யாறு பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே 2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக எண்ணம். அதைச் சொல்வதற்குத் திண்ணையிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்குக் கேள்வி ஞானமாகவாவது தெரியும். ஒரே வாத்தியார். முப்பது, நாற்பது பிள்ளைகள். ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருப்பான், ஒருவன் ஆத்திசூடியில் இருப்பான், இன்னொருவன் எண்சுவடி முடித்துக் குழிமாத்துக்குப் போயிருப்பான். வகுப்பு என்று பிரிவு கிடையாது. அவனவன் முடித்த இடம் எதுவோ அதுதான் அவனவன் வகுப்பு. அறுவடைக்கு ஒரு மாதம் வராமல் போனவன் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொள்வான். வாத்தியார் ஒருவராக இத்தனை பேரையும் கவனிக்க முடியாது. ஆகவே மூத்த பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடுவார். அவன் முறை வைத்துச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரம்பையும் சில சமயம் அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்.

இதை ரொம்பப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இப்போது நிறைய. தாமஸ் மன்றோ சென்னை மாகாண கவர்னராக இருந்தபோது 1822-ல் ஊர் ஊராகப் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-ல் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. மக்கள் தொகை அப்போது ஒன்றேகால் கோடிக்குச் சற்று அதிகம். அந்தக் காலத்துக்கு இது பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே கிடையாது. கோதண்டத்தில் தொங்கவிடுகிற தண்டனையும் அதே திண்ணையில்தான் நடந்தது. தாத்தாவின் முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. அதற்கும் சட்டாம்பிள்ளைதான் காரணம் என்பார்.

இந்தத் திண்ணை முறை ஒரு வெள்ளைக்காரர் கையில் சிக்கி லண்டன் வரைக்கும் போன கதை பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-ல் சென்னைக்கு வந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவில்லாமல் போன ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. 1789-ல் அதன் பொறுப்பை ஏற்றார். அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (பட்டாளங்களில் பாதிரியாராக வாங்கிய சம்பளமே அவருக்குத் தாராளமாக இருந்தது என்பது வேறு கதை.) அங்கிருந்த உதவி ஆசிரியர்களைக் கொண்டு அவரால் ஒன்றும் நடத்த முடியவில்லை. ஒரு நாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம், தப்பாக எழுதினால் கையால் அழித்துவிடலாம். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியருக்கு இஷ்டமில்லை, "இது நடக்காது" என்று தட்டிக் கழித்தார். பெல் பார்த்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்று ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அதன் பிறகு பள்ளி முழுவதையும் பிள்ளைகளைக் கொண்டே நடத்தத் தொடங்கினார்.

மணலில் எழுதுவதைத் திண்ணையில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன் என்று பெல் ஒப்புக்கொண்டார். ஆனால் பிள்ளையை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டார். அதே திண்ணையில் அரிசியைக் கண்டவருக்குப் பானை கண்ணில் படாமலா போயிருக்கும்? என் தாத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

1796-ல் ஊர் திரும்பி, மறு வருடம் எழும்பூர் அனுபவத்தைச் சிறு புத்தகமாகப் போட்டார். அதே சமயத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஒரு பள்ளி நடத்தினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் கட்சிக்கும் வருடக்கணக்கில் சண்டை. இரண்டு பேர் கையிலும் அது வேகமாகப் பரவியது. காரணம் செலவு குறைவு. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். 1832-ல் இறந்தபோது அவரை லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

பரவிய அளவுக்கு அது நிலைக்கவில்லை. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது வெறும் சொல். அவன் சொல்லைத்தான் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியும். பொருள் தெரியாமலே ஒருவனிடமிருந்து ஒருவனுக்குப் பாடம் கை மாறியது. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், மணியடித்தால் எழு, மணியடித்தால் உட்கார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அருமையான ஒழுங்கு. உள்ளே யாருக்கு என்ன தெரியும் என்பது ஆசிரியருக்கே தெரியாது. சில பத்தாண்டுகளில் அங்கே அதைக் கைவிட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர், வகுப்புக்கு ஓர் அறை என்று மாறிவிட்டார்கள். இந்தப் பத்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கதையில் இது திரும்ப வரும்.

நம் ஊருக்கு அடுத்து வந்தது இன்ஸ்பெக்டர் காலம். தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்று இங்கிலாந்தில் 1862-ல் ஒரு விதி போட்டார்கள், அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார், தேறிய தலைக்கு இவ்வளவு காசு. அதற்குத் தோதாக ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். பிள்ளை இருக்கிற இடம் வகுப்பு என்பது போய், வகுப்பு இருக்கிற இடத்துக்குப் பிள்ளை வந்தாக வேண்டும் என்றாயிற்று. மானியம் பிறகு ஒழிந்தது. அந்தப் பயம் ஒழியவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சுவரில் புதுப் படம் மாட்டுவதும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பதும் நான் வேலையில் சேர்ந்த 1978-லும் நடந்தது. நானும் செய்திருக்கிறேன்.

வகுப்பைப் பிரித்தவர்கள் வகுப்புக்கு ஒரு வாத்தியாரைக் கொடுத்தார்களா என்றால் இல்லை. நான் சேர்ந்தது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, 80 பிள்ளைகளுக்கு மேல், ஓட்டுக் கட்டடத்தில் ஒரே கூடம். தலைமையாசிரியர் மூன்று, நான்கு, ஐந்து. நான் ஒன்று, இரண்டு. அவர் ஒன்றியத்துக்குச் சம்பளப் பட்டியல் கொண்டுபோகிற நாளில் ஐந்தும் என் தலையில். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற நாலு வகுப்பும் "பார்த்து எழுது". அந்தப் பார்த்து எழுதுவதிலேயே ஒரு தலைமுறை போயிற்று. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தபோது பிள்ளைகள் வந்தார்கள், வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு கரும்பலகைத் திட்டத்தில் இன்னொரு அறையும் ஒரு பெட்டி உபகரணமும் வந்தன. அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்தோம். உடைந்தால் யார் கணக்குச் சொல்வது?

மல்லாட்டை பிடுங்குகிற பருவத்தில் பாதிப் பிள்ளைகள் வராது. ஆரணிப் பக்கம் தறிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. ஒரு மாதம் கழித்து வந்தால் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதையாவது பார்த்து எழுதுவான். பிறகு ஒரு நாள் நின்றுவிடுவான். இடைநின்றோர் பட்டியலில் அவன் பெயரை எழுதுவேன். அதற்கு நான் காரணம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 1996-ல் நானே தலைமையாசிரியர் ஆனேன். சத்தம் இல்லாத பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்பதுதான் அப்போது என் கொள்கை. ரோட்டில் போகிறவர்கள் "சார் ஸ்கூல்ல ஒரு ஊசி விழுந்தா கேக்கும்" என்று சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதே வருடங்களில் எங்களுக்கு வடக்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மதனப்பள்ளி அருகில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலிப் பள்ளியின் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்காகப் பத்மநாப ராவும் ரமாவும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஏணிப்படி போல் அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுவது. ஒரே ஆசிரியர் பள்ளிகளுக்காகவே செய்தது அது. அவர்களுக்கும் முன்னோடி, கோலார் மாவட்டத்தில் 1972-ல் நீல் பாக் பள்ளியைத் தொடங்கிய டேவிட் ஹார்ஸ்பர்க். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமையாகக் கிடந்த பிள்ளைகளை மீட்டுப் படிக்க வைக்க வழி தேடியபோது இந்த ரிஷி வேலி முறை அவர் கண்ணில் பட்டது. பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும், 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு வட்டார வள மையத்தில் சில நாள் பயிற்சி. அதன் பிறகு அட்டைக் கட்டுகளும் தட்டுகளும் வந்து இறங்கின. சுவரில் தரையோடு ஒட்டிச் சுற்றிலும் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பங்காகத் தாழ்நிலைக் கரும்பலகை. மேலே பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து பாயில் வட்டமாக உட்கார வேண்டும். ஆசிரியரும் தரையில்தான். வந்ததும் வருகைப் பதிவைப் பிள்ளையே குறித்துக்கொள்ளும். ஏணிப்படியில் தன் சின்னம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தானே அட்டையை எடுத்து, அதற்கான குழுவில் போய் உட்காரும். முழுக்க ஆசிரியர் துணையுடன் ஒரு குழு, பாதி ஆசிரியர் துணையுடன் ஒரு குழு, சக மாணவர் துணையுடன் ஒரு குழு என்று ஆறு குழு. முடித்துவிட்டால் அடைவு அட்டவணையில் குறித்துவிட்டு அடுத்த படி.

எனக்கு அப்போது 53 வயது. முட்டி வலி வேறு. "இந்த வயசுல என்னைத் தரையில உக்கார வச்சிட்டாங்களே" என்று வீட்டில் புலம்பினேன். ஊரில் அதைவிடப் புலம்பல். "என்னா சார், புஸ்தகம் இல்ல, வீட்டுப்பாடம் இல்ல, சந்தைக்கடை மாதிரி சத்தம். நீங்க பாட்டுக்குப் பசங்களோட உக்காந்து வெளையாடிக்கினு இருக்கீங்க" என்று ஊராட்சித் தலைவரே கேட்டார். அந்த வருடம் ஏழெட்டுப் பிள்ளைகள் வேன் ஏறி மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போய்விட்டன. எனக்கும் இந்த முறையில் நம்பிக்கை கிடையாது. மேலிடத்து உத்தரவு, செய்தாக வேண்டும், அவ்வளவுதான்.

என்னை முதலில் அசைத்தது ஒரு பையன். இரண்டாம் வகுப்பு. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வந்தான். வழக்கம்போல் கடைசியில் போய் ஒதுங்கி உட்காருவான் என்று பார்த்தேன். அவன் நேரே ஏணிப்படிக்குப் போய்த் தன் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை "இது நான் முடிச்சிட்டேன், வா சொல்றேன்" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. முப்பது வருடமாக ஒவ்வோர் ஆண்டும் நான் தொலைத்த பிள்ளை அவன். அன்று ராத்திரிதான் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்வது, முடித்தவன் முடிக்காதவனுக்குச் சொல்லித் தருவது. பிரம்பு இல்லாத சட்டாம்பிள்ளை.

அதற்குப் பிறகு நான் அந்த முறையின் பக்தனாகிவிட்டேன். புதிதாகப் பக்தி வந்தவனுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பிப் பந்தல் நிறையப் படங்கள், அட்டவணை நிறையக் குறிகள். பார்வைக்கு வருகிறவர்கள் எல்லாம் எங்கள் பள்ளியைப் பாராட்டினார்கள். பதிவேடுகளை மாலை நாலரை வரை உட்கார்ந்து நானே அழகாக எழுதுவேன். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

2009 கார்த்திகை என்று நினைவு. ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். கையில் முதியோர் உதவித்தொகை விஷயமாகத் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த கடிதம். "சார், இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். படித்துச் சொன்னேன். வாழ்வுச் சான்று கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தது, தேதி தாண்டியிருந்தது. "பத்து நாளா வூட்லதான் கெடந்துது. பேத்தியப் படிக்கச் சொன்னேன். ஆபீஸ்ல பணம் வரும்னு எழுதிருக்குதுன்னா. நாலாவது படிக்கிறவ ஒரு காயிதம் படிக்க மாட்டாளா சார்?" என்றார். சண்டைக்கு வந்தவர் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தப் பேத்தியை மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். என் அட்டவணையில் மல்லிகா மூன்றாம் வகுப்புத் தமிழ் முழுவதையும் முடித்து, நான்காம் வகுப்பு ஏணியில் பாதி ஏறியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, அன்றைய நாளிதழைக் கொடுத்து ஒரு வரி படிக்கச் சொன்னேன். பேசாமல் நின்றாள். அட்டையைக் கொடுத்தேன், கடகடவென்று சொன்னாள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் சொன்னாள். படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சக மாணவர் குழுவில் அவளுக்கு ஒரு தோழி, கெட்டிக்காரி. முதலில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பிறகு எழுதியே கொடுத்துவிட்டிருக்கிறாள். மதிப்பீட்டு அட்டையும் அப்படியே. இரண்டு பேருக்கும் அதில் கள்ளம் ஒன்றும் இல்லை, உதவி செய்யச் சொன்னோம், செய்தாள். குறி போட்டது மல்லிகா. அதற்குக் கீழே சுருக்கெழுத்துப் போட்டது நான்.

அன்று சாயந்திரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெல் பாதிரியாரின் கதையை எப்போதோ ஒரு கல்வி வரலாற்றுப் புத்தகத்தில் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அந்த முறை ஏன் விழுந்தது என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடைகூட எழுதியிருக்கிறேன். சொல் மட்டும் கை மாறியது, பொருள் மாறவில்லை, ஆசிரியருக்கு உள்ளே என்ன என்று தெரியவில்லை என்று. அது என் கூடத்திலேயே நடந்திருக்கிறது. வகுப்பு அமைதியாக இருந்த காலத்தில் அமைதியை நம்பி ஏமாந்தேன். இப்போது சுறுசுறுப்பை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

மறுநாள் முதல் 62 பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒரு வாரம் பிடித்தது. அட்டையில் இல்லாத வரியை நானே எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அட்டவணையில் இருக்கிற படிக்கும் நிஜமாக இருக்கிற படிக்கும் பொருந்தாத பிள்ளைகள் 17 பேர். உதவி ஆசிரியை, "சார், இத வெளிய சொன்னா நம்ம பேர்தான் கெடும்" என்றார். பயம் எனக்கும் இருந்தது. அந்தப் 17 பேரின் சின்னத்தையும் ஏணியில் கீழே இறக்கினோம். பிள்ளைகள் அழும் என்று பயந்தேன். இரண்டு பேர்தான் அழுதார்கள். மல்லிகா அழவில்லை, அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதன் பிறகு பெரிதாக எதுவும் செய்யவில்லை. மூன்று காரியம்தான். சொல்லித் தருகிற பிள்ளை வாயால் சொல்லலாம், விரலால் காட்டலாம், அடுத்தவர் பென்சிலைத் தொடக்கூடாது என்று ஒரு விதி. அது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது, சொல்லித் தரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். மதிப்பீட்டு அட்டையை எங்கள் இருவரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்ய வைத்தோம், அதனால் ஏறுகிற வேகம் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது, மதியம் இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிடம் அட்டைகளை மூடிவிடுவோம். ஆளுக்கு ஒரு காகிதம், வீட்டிலிருந்தே கொண்டு வர வேண்டும். மளிகைக்கடைப் பொட்டலம், விதைப் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு எதுவானாலும் சரி. அதைப் படித்து அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதற்காகவே குப்பையைக் கிளறிக் காகிதம் சேர்த்தார்கள். ஒரு பையன் சாராய வழக்கில் அப்பாவுக்கு வந்த சம்மனைக் கொண்டு வந்து உரக்கப் படித்துவிட்டான். அவன் அம்மாவைச் சமாதானம் செய்யப் பெரும்பாடு பட்டேன்.

வட்டார வள மையத்திலிருந்து பார்வைக்கு வந்த ஆசிரியர் பயிற்றுநர், இந்த இருபது நிமிடம் கால அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். சென்ற பருவத்தைவிட அடைவு குறைந்திருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். நல்ல மனிதர், குறிப்பில் ஒன்றும் எழுதாமல் போனார். ஆனால் அந்த வருடத்தோடு எங்கள் பள்ளியை யாரும் பார்க்க வருவது நின்றுவிட்டது.

மல்லிகா அடுத்த ஆடி வாக்கில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது நாளிதழை நிதானமாகப் படித்தாள். 17 பேரில் 13 பேர் தேறினார்கள். நாலு பேர் தேறவில்லை. அதில் இரண்டு பேர் நடுவிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் அந்தச் செங்கல் சூளைப் பையன். மூன்றாம் முறை போனவன் திரும்பி வரவில்லை. ஏணிப்படியில் அவன் சின்னம் இருந்த இடத்தில் ரொம்ப நாள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வைத்திருந்தேன்.

2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. புத்தகம் மறுபடி முன்னால் வந்தது, அட்டைகள் அதற்கேற்ப மாறின. அந்தக் கல்வியாண்டின் முடிவில் நான் ஓய்வு பெற்றேன். செயல்வழிக் கற்றல் நல்லதா கெட்டதா என்று நண்பர்கள் இப்போதும் கேட்கிறார்கள். அவ்வளவு நல்லதை முப்பத்தேழாயிரம் பள்ளிகளுக்கு ஒரே வருடத்தில் உத்தரவாகக் கொடுத்தது தப்பு என்பது என் கட்சி. ரிஷி வேலியில் வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்த அட்டை எங்களுக்குக் கட்டாகத்தான் வந்தது, பார்க்கிற கண் அந்தக் கட்டில் வரவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதிகம் பேசுவதில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போனபோது பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். இப்போது 23 பிள்ளைகள். சுவரில் விலங்குகளும் பழங்களும் வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். தாழ்நிலைக் கரும்பலகை இருந்த இடமெல்லாம் வெள்ளை. மூலையில் பீரோவுக்குப் பின்னால் மட்டும் இரண்டடி அகலத்துக்குக் கறுப்பு மிச்சமிருக்கிறது. பீரோவை நகர்த்த யாருக்கும் முடியவில்லை போலும்.

மல்லிகா செய்யாறு சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலைக்குப் போகிறாள். சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் அக்கா மகன் இரண்டாம் வகுப்பு, அதே பள்ளி. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இப்போது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அவன் பயிற்சி நூலில் 'அரும்பு' என்று இருந்தது. கூடவே குரல் பதிவு: "சார், அரும்புன்னா கீழ்ப்படியா? அக்கா பாத்துட்டு அழுவுது. எழுத்தெல்லாம் கூட்டிப் படிக்கிறான் சார், நான் பொட்டலத்துக் காகிதம் குடுத்துப் பாத்துட்டேன். ஸ்கூல்ல போய்ச் சொல்லலாமா, இல்ல அங்கியே இருக்கட்டுமா?"

அங்கேயே இருக்கட்டும், ஆனால் போய்ச் சொல் என்று பதில் போட்டிருக்கிறேன்.